கறுப்புக் கடற்கரையில் திரும்பிப் பாராத இருவர்

புதிதாக வழிகாட்டி வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் அக்கா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். ஆட்களை எண்ணுவது, அறைச் சாவி பிரித்துக் கொடுப்பது, ஹோட்டல் அறையில் ரைஸ் குக்கரைப் போட்டுப் புகை அலாரத்தை அலற வைக்கிறவர்களைச் சமாளிப்பது, இவையெல்லாம் இரண்டு பயணம் போனால் தானாக வந்துவிடும். அவற்றை நான் எழுதப் போவதில்லை. லண்டனில் இருக்கிற நம்முடைய தமிழ் ஆட்களை வடக்கே கூட்டிக்கொண்டு போய் மலையையும் பனியையும் கடலையும் காட்டுவது நம்முடைய தொழில். ஆனால் அந்த மலையும் கடலும் நாம் காட்டுவதற்காக அங்கே இருக்கவில்லை. இதை எனக்கு மறக்கமுடியாதபடி புரியவைத்தது ஐஸ்லாந்தில் ஒரு பிற்பகல். அதை மட்டும் சொல்கிறேன்.

அந்த நாட்டுக்கு எத்தனை தரம் போனேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஒவ்வொரு தரமும் விமானம் தாழப் பறக்கத் தொடங்கியதும் ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொள்வேன். கீழே மரம் இல்லை. ஊர் இல்லை. எரிந்து ஆறின கறுப்புக் கல் கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடக்கும், அதன்மேல் மெத்தை விரித்தாற்போல் பச்சைப் பாசி. அங்கங்கே நிலம் புகை விட்டுக்கொண்டிருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு யாரோ இப்போதுதான் எழும்பிப் போன இடம் மாதிரி இருக்கும். இருபது வருடமாகப் பார்த்த எனக்கே அப்படி என்றால், லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து முதல் முதலாக வருகிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

அந்தக் கோடைப் பயணத்தில் விமான நிலையத்துக்குப் போகும் எங்கள் பேருந்து லண்டனின் எட்மண்டனில் ஆட்களை ஏற்றி, கிங்ஸ்பரியில் ஏற்றி, கடைசியாகக் கோலியர்ஸ் வுட்டில் நின்றது. அங்கே ஏற வேண்டியவர்கள் மூன்று பேர். ஏறியது இரண்டு பேர். அண்ணன் பெயர் சுதன், நாற்பது வயது இருக்கும், எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்கிற முகம். தங்கை ஆரணி, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். மூன்றாவது ஆள் அவர்களுடைய அப்பா. இந்தப் பயணத்தைக் கேட்டுப் பதிந்தவரே அவர்தான். பதிந்த பிறகு, பங்குனியில், நித்திரையிலேயே போய்விட்டார்.

"அப்பாவின்ர ஆசை அன்ரி, அதுதான் நாங்கள் பயணத்தை நிப்பாட்டேல்லை," என்றாள் ஆரணி. மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மேலே வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அவர் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை செய்து இந்த இரண்டு பேரையும் படிக்க வைத்தவர். வேலை முடித்து வந்து, சோபாவில் சாய்ந்து, எரிமலை நிகழ்ச்சிகளாகத் தேடித் தேடிப் பார்ப்பாராம். ஆரணி அவரைப்போலவே பேசிக் காட்டினாள். "பூமியை இன்னும் கட்டி முடிக்கேல்லை பிள்ளை. அங்க இன்னும் வேலை நடக்குது. முடிக்கிறதுக்குள்ள ஒருக்காப் போய்ப் பாக்கவேணும்." எனக்கு அந்த மனிதரைப் பார்க்காமலே பிடித்துப்போனது. இருபது வருடமாக மைக்கில் நான் விளக்கிக்கொண்டிருந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டிருக்கிறார்.

முதல் நாள் நிலம் பிளந்திருக்கிற இடத்துக்குப் போனோம். பூமியின் இரண்டு பெரிய தட்டுகள் அங்கே ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருக்கின்றன. நடுவில் கற்சுவர்கள் எழும்பி நிற்க, அதற்குள்ளால் நடந்து போகலாம். எங்கள் குழுவில் ஒருவர் இருந்தார், எல்லோரும் எட்மண்டன் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பகிடி விடாமல் அவரால் மூச்சு விட ஏலாது. ஒரு சிறிய பிளவின் இரண்டு பக்கமும் காலை வைத்து நின்றுகொண்டு, "இந்தக் கால் அமெரிக்கா, இந்தக் கால் ஐரோப்பா. விசா இல்லாமல் நான் கண்டம் மாறினது இது முதல் தரம் இல்லை, ஆனால் பொலிஸ் பிடிக்காமல் மாறினது இதுதான் முதல் தரம்!" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உண்மையில் தட்டுகளுக்கு இடையிலான பள்ளத்தாக்கு மிகவும் அகலம், ஒரு மனிதர் கால் விரித்து அளக்கக்கூடியதில்லை. நான் அதைச் சொல்லிச் சிரிப்பைக் கெடுக்கவில்லை. சிரித்து ஓய்ந்த பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து அந்தப் பிளவைப் பார்த்தார்கள். எங்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு எல்லையை ஒளிந்து கடந்து வந்தவர்கள். எல்லையே நகர்ந்துகொண்டிருக்கிற இடத்தில் நிற்கும்போது அவரவருக்கு என்னென்ன ஞாபகம் வந்ததோ.

அடுத்த நாள் தெற்குக் கரையோரம். அருவிக்குப் பின்னால் போய் நின்று, விழுகிற தண்ணீருக்குள்ளால் வெளியே இருக்கிற வயலைப் பார்த்தோம். அங்கே இருந்து பனியாற்றுக்குப் போனோம். மலைமேல் இருக்கிற பனிப்பாளம் தன்னுடைய பாரத்திலேயே மெல்ல வழிந்து கீழே இறங்குகிறதைத்தான் பனியாறு என்கிறோம். கிட்டப் போனால் அது வெள்ளை இல்லை. நீலம். அந்த நீலத்துக்குள் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் ஓடும்.

"உது என்ன அன்ரி, அழுக்கோ?" என்று ஆரணி கேட்டாள்.

"சாம்பல். ஒவ்வொரு தரமும் எரிமலை வெடிக்கேக்க சாம்பல் வந்து பனிக்கு மேல விழும். அதுக்கு மேல திரும்பப் பனி பெய்யும். அப்பிடியே உள்ள இருந்திடும்."

"கரைஞ்சு போகாதோ?"

"இல்லையம்மா. உந்தக் கோடு நாங்கள் ஒருத்தரும் பிறக்க முதல் விழுந்ததாயிருக்கும்."

அவள் அந்தக் கோட்டைப் பார்த்தபடியே நின்றாள். மற்றவர்கள் படம் எடுத்து முடித்துப் பேருந்துக்குத் திரும்பினார்கள். அவள் அசையவில்லை. பிறகு பையைத் திறந்து காட்டினாள். உள்ளே பட்டுத் துணியில் சுற்றிய சிறிய தேயிலைத் தகரப் பேணி. கேட்காமலே எனக்குத் தெரிந்தது.

அஸ்தியின் பெரும்பகுதியைச் சுதன் இங்கிலாந்துக் கடலில் முறைப்படி கரைத்துவிட்டான். ஒரு கைப்பிடியை ஆரணி எடுத்து வைத்திருந்தாள். ஐஸ்லாந்துக் கடலில் கரைக்க அந்த நாட்டு அலுவலகத்துக்கு எழுதி அனுமதியும் வாங்கியிருந்தாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிள்ளை, எங்களிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. சொன்னால் மற்றவர்கள் துடக்கு, தீட்டு, அபசகுனம் என்று முகம் சுளிப்பார்கள் என்ற பயம்.

சுதனும் வந்து சேர்ந்தான். "எங்க கரைச்சாலும் முறையாய்த்தான் செய்யவேணும் அன்ரி. ஐயர் சொல்லிவிட்டவர், கரைச்ச உடன திரும்பிப் பாக்காமல் வரவேணும். ஆர் கூப்பிட்டாலும் பாக்கக்கூடாது. பாத்தால் அவருக்குப் போக மனம் வராதாம்."

"எங்க கரைக்கப் போறியள்?"

ஆரணி தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அவளுடைய அப்பா தன் தொலைபேசியின் முகப்பில் வருடக்கணக்காக வைத்திருந்த படமாம் அது. கறுப்பு மணல், வெள்ளை நுரை, கடலுக்குள் நிற்கும் கற்பாறைகள். நாங்கள் அன்று பிற்பகல் போகவிருந்த கடற்கரை.

அந்தக் கடற்கரை எனக்குத் தெரியும். அங்கே அலைகள் சின்னச் சின்னதாக வந்து காலை நக்கிவிட்டுப் போகும். ஏமாந்து நிற்கிற நேரத்தில் இரண்டு மூன்று அலை ஒன்றாகச் சேர்ந்து, சொல்லாமல் கொள்ளாமல், கரையில் வெகுதூரம் ஏறிவரும். திரும்பிப் போகும்போது காலுக்குக் கீழே இருக்கிற கற்களோடு ஆளையும் உருட்டிக்கொண்டு போகும். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே ஆழம். போனவர்களை எடுப்பது கஷ்டம். அந்தக் கடற்கரைக்கு ஒரே ஒரு சட்டம்தான், கடலுக்கு முதுகு காட்டக்கூடாது. இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிற சட்டமோ, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பது.

"அங்க வேண்டாம்," என்றேன். "நாளைக்கு ஒரு துறைமுகத்துக்குப் போறம். மலை சுத்தி நிக்கும், தண்ணி அசையாது. அங்க ஆறுதலாய்ச் செய்வம். நானும் வாறன்."

இரண்டு பேரும் "ஓம்" என்று தலையாட்டினார்கள். ஆரணியின் "ஓம்" மெல்லியதாக இருந்தது.

எங்கள் பேருந்து ஓட்டுநர் அந்த நாட்டுப் பெண். அளந்து பேசுகிறவள். பேருந்து நின்றதும் அவள் என்னிடம், "உன் ஆட்களிடம் சொல். இந்தக் கடலுக்கு யாரையும் தெரியாது," என்றாள். ஒவ்வொரு பயணத்திலும் சொல்வதுதான். நான் அதை மைக்கில் தமிழில் சொன்னேன். முதுகு காட்டாதேங்கோ என்று இன்னும் ஒருமுறை அழுத்திச் சொன்னேன். கடற்கரை வாசலில் போக்குவரத்து விளக்குப் போல ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள், கடல் எப்படி இருக்கிறது என்று காட்டுவதற்கு. அன்றைக்கு மஞ்சள். மஞ்சள் என்றால் குறித்த இடத்துக்கு அப்பால் தண்ணீர்ப் பக்கம் இறங்கக்கூடாது. மஞ்சள் விளக்கைக் கண்டால் நம்முடைய ஆட்கள் என்ன செய்வார்கள் என்று லண்டன் நோர்த் சேர்க்குலர் ரோட்டில் நான் பார்த்திருக்கிறேன். அதனால் அதையும் தனியாகச் சொன்னேன்.

சொன்னதெல்லாம் மண்ணில் காலை வைத்த கணமே அவர்களுக்கு மறந்துபோனது. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அங்கே கால் வைக்கிற எவருக்கும் மறக்கும். மணல் கரியைப்போல் கறுப்பு. ஒரு பக்கத்தில் குன்று முழுவதும் கல்தூண்கள், ஒவ்வொன்றும் ஆறு பட்டை தீட்டினது போல, தோளோடு தோள் ஒட்டி, படிப்படியாக ஏறி நிற்கும். மேலே கடற்பறவைகள் போவதும் வருவதுமாக இருக்கும். மேகம் கொஞ்சம் விலகிச் சாய்வாக வெயில் விழுந்தது. ஈரமான கறுப்பு மணல் கண்ணாடி போல் மின்னியது. அறுபது வயது மனிதர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

எட்மண்டன் மாமா தூண்களைத் தடவிப் பார்த்தார். "ஆர் பிள்ளை இதைக் கட்டினது?"

"ஒருத்தரும் கட்டேல்லை மாமா. நெருப்புக் குழம்பு மெல்ல மெல்ல ஆறேக்க தானாய் இப்பிடி வெடிச்சுப் பிரிஞ்சது."

"தானாயோ?" அவர் கையைத் தூணிலிருந்து எடுக்கவில்லை. "கோயில் கட்டுறதுக்கு நாங்கள் படுற பாடு என்ன. இது தானாயோ!"

அதோடு நின்றிருக்கலாம். படம் எடுக்க வேண்டுமென்று மனிதர் தூண்களில் ஏறத் தொடங்கிவிட்டார். மூன்று படி ஏறி, இறங்கத் தெரியாமல் பல்லி போல் ஒட்டிக்கொண்டு நின்றார். நான் கீழே நின்று எந்தக் காலை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அவருடைய முகம் மாறியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாகத் தூரத்தைப் பார்த்தார்.

"ஐயோ, அந்தப் பிள்ளையள்!"

திரும்பினேன். மற்றவர்களிடமிருந்து விலகி, தண்ணீர் ஓரத்தில், ஆரணியும் சுதனும் குந்தியிருந்தார்கள். பேணி திறந்திருந்தது. அவர்களை அங்கே இறக்கியது எது என்று எனக்கு அப்போதே விளங்கியது. கடல் அவ்வளவு சாதுவாக இருந்தது. அப்பாவின் படத்தில் இருந்த அதே வெளிச்சம், அதே பாறைகள். நாளைக்குத் துறைமுகத்தில் செய்வோம் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? ஆரணி அஸ்தியைக் கரைத்துவிட்டுக் கைகளைத் தண்ணீரில் நனைத்தாள். இருவரும் எழுந்து, கும்பிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். தலையைக் குனிந்துகொண்டு மெல்ல நடக்கத் தொடங்கினார்கள்.

அப்போது கடல் பின்வாங்கியது. கூழாங்கற்கள் எல்லாம் உருண்டு உள்ளே போகிற சத்தம் கேட்டது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அரிசி களைகிற மாதிரிச் சத்தம். அதன் பின்னால் தண்ணீர் எழும்பியது. சுவர்போல் உயரமாக இல்லை, சினிமாவில் வருவதுபோல் சுருளவும் இல்லை. சாம்பல் நிறத்தில், தடிப்பாக, கடலே ஒரு அடி எடுத்து முன்னால் வைத்ததுபோல் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, உண்மையைச் சொல்கிறேன். இவ்வளவு பெரிதா, இவ்வளவு அழகா என்றுதான் மனம் நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

எங்கள் ஆட்கள் எல்லோரும் கத்தத் தொடங்கினார்கள். "ஆரணி, பின்னால பார்! சுதன், திரும்பிப் பாருங்கோ! திரும்பிப் பார்!"

கத்தக் கத்த அந்த இருவரும் தலையை இன்னும் குனிந்தார்கள். நடை இன்னும் மெதுவானது. யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது என்று ஐயர் சொன்னது இதைத்தான் என்று நினைத்திருக்கிறார்கள். எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவர்கள் அப்பாவுக்காகப் பொறுத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, ஒரு அடி, இன்னொரு அடி என்று வருகிறார்கள். பின்னால் அலை வருகிறது.

நானும் "திரும்பிப் பார்" என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன். திரும்பச் சொன்னால் திரும்பமாட்டார்கள். அப்படியே திரும்பினாலும், அந்த அலையைக் கண்டால் நான் நின்றதைப்போல் அவர்களும் நின்றுபோவார்கள். அவர்களுக்குத் தேவை பார்ப்பது இல்லை. கால்.

"திரும்பாதேங்கோ!" என்று என் உயிரெல்லாம் சேர்த்துக் கத்தினேன். "திரும்பாமல் ஓடுங்கோ! என்னட்டை ஓடி வாங்கோ! கெதியா! கெதியா!"

ஆரணி தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். ஓடினாள். சுதனும் ஓடினான். நான் அவர்களை நோக்கி ஓடினேன். கால் புதைகிற கற்களில் ஓடுவது கனவில் ஓடுவது மாதிரி, ஓட ஓட நிற்கிற இடத்திலேயே நிற்கிறோம். சுதன் ஆரணிக்குக் கொஞ்சம் பின்னால் வந்தான். கல் சறுக்கி முழங்காலில் விழுந்தான். தண்ணீர் அவனை இடுப்பளவில் பிடித்தது.

அடுத்து நடந்ததை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் காண்கிறேன். அண்ணனுடைய சத்தம் கேட்டதும் ஆரணி நின்றாள். முகத்தை என் பக்கமே வைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவினாள். அவனுடைய ஜாக்கெட் கை அகப்பட்டது. பிடித்தாள். அந்த நேரம் நான் போய் அவளை இடுப்போடு கட்டிக்கொண்டேன். என் பின்னால் யாரோ என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார்கள், எங்கள் ஓட்டுநர். தண்ணீர் திரும்பத் தொடங்கியது. காலடியில் கற்கள் எல்லாம் உருண்டு ஓடின. சுதன் கனத்தான், அப்படிக் கனத்தான். ஆரணியின் கை விடவில்லை. பிறகு சட்டென்று பாரம் குறைந்தது. தண்ணீர் போய்விட்டது. நாங்கள் நாலு பேரும் ஈரக் கற்களில் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தோம்.

மேலே இழுத்துவந்த பிறகு எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல ஏலாது. "உங்களுக்கு விசரோ? துறைமுகத்தில செய்வம் எண்டு சொன்னனான்தானே? உங்கட அப்பாவைக் கரைக்க வந்து நீங்களும் கரையப் பாத்தியளோ?" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசிக்கொண்டே அழுதேன். சுதனுக்குப் பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. காற்சட்டைப் பைகளில் கறுப்பு மணல் நிறைந்திருந்தது. அந்த நிலையிலும் அவன் என்னிடம் சொன்னது இதுதான்.

"அன்ரி, நாங்கள் பாக்கேல்லை. ஒருக்காலும் பாக்கேல்லை."

இரண்டு பேரையும் பேருந்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பேருந்தில் ஹீட்டரைப் போட்டார்கள். யாரோ பிளாஸ்க்கிலிருந்து பால் போடாத இஞ்சிப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்கள். தூண்களிலிருந்து எப்படியோ தானே இறங்கி வந்திருந்த எட்மண்டன் மாமா, தன்னுடைய கம்பளிச் சுவெட்டரைக் கழற்றிச் சுதனுக்குப் போட்டுவிட்டார். ஒரு பகிடியும் விடவில்லை. துடக்கு என்று ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கிங்ஸ்பரி அம்மா ஒருவர் ஆரணியின் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரையும் ஏற்றிய பிறகு நான் ஒரு நிமிடம் வெளியே நின்று பார்த்தேன். கடல் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி மறுபடி சின்னச் சின்ன அலைகளாக விளையாடிக்கொண்டிருந்தது. பறவைகள் முன்போலவே போய் வந்தன. எங்களுடைய கத்தலும் அழுகையும் அந்த இடத்தில் ஒரு அடையாளமும் வைக்கவில்லை. எனக்குக் கடல்மேல் கோபம் வரவில்லை. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிட்டேன். முதுகைக் காட்டாமல்தான் வந்தேன்.

பிள்ளைகள், இதில் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் திரும்பிப் பார் என்று கத்தினவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அவர்கள் கத்தியது தங்களுடைய பயத்தை. ஆபத்து வரும்போது நமக்குத் தெரிகிறதையெல்லாம் மற்றவருக்கும் காட்ட வேண்டும் போலிருக்கும். அதற்கு நேரம் இல்லை. நம்பிக்கை சரியா பிழையா என்று வாதாடவும் நேரம் இல்லை. எதிரே இருக்கிறவர் எதை விடமாட்டார் என்று பாருங்கள். அதை விடாமலே அவர் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள், ஒரே ஒரு வேலையாகச் சொல்லுங்கள். அன்றைக்கு அது ஓடுவதாக இருந்தது.

லண்டனுக்கு வந்ததும் அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்கள். அந்தக் கடற்கரையைப் பயணத்திலிருந்து எடுத்துவிடுவோம் என்றார்கள். நான் மாட்டேன் என்று நின்றேன். அதைப் பார்க்காமல் ஒருவர் அந்த நாட்டைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பதிலுக்கு ஒரு பழக்கத்தைத் தொடங்கினேன். பேருந்து கடலை அடைவதற்கு வெகு முன்பே மைக்கை எடுத்து, "ஆரேனும் ஆரையேனும் கொண்டுவந்திருக்கிறியளோ?" என்று கேட்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் எத்தனையோ பயணங்களில், அடுத்த நிறுத்தத்தில் ஒருவர் மெல்ல என் பக்கத்தில் வந்து நிற்பார். கையில் ஒரு பை இருக்கும். அவர்களை அந்தத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மலைகள் சுற்றி நிற்க, அசையாத தண்ணீரில் கரைத்துவிட்டு, அவர்கள் விரும்பின மாதிரி முதுகைக் காட்டி நடந்து வரட்டும். அவர்களுக்குப் பதிலாக நான் நின்று கடலைப் பார்த்துக்கொள்வேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி அந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும்.

லண்டனுக்குத் திரும்பிய நாளில் நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை.

விமான நிலையத்திலிருந்து பேருந்து முதலில் கோலியர்ஸ் வுட்டுக்குத்தான் வந்தது. பிற்பகல் நேரம், பள்ளிக்கூடம் விடுமுறை. ஆரணி என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தச் சம்பவத்தைப்பற்றி அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"அன்ரி, நாங்கள் ரெண்டு பேரும் காணேல்லை. நீங்கள் பாத்தனீங்கள்தானே. எப்பிடி வந்தது?"

நான் யோசித்தேன். பிறகு கண்டதைக் கண்டபடி சொன்னேன். "பெருசாய் வந்தது பிள்ளை. சாம்பல் நிறமாய், சத்தமில்லாமல். கரையில ஒரு இடமும் நிக்காமல் ஏறி வந்தது. உன்ர குதிக்கால் வரைக்கும் வந்தது. அதுக்குப் பிறகு நிண்டு, திரும்பிப் போச்சுது."

பின் இருக்கையில் இருந்து சுதன் எட்டிப் பார்த்தான். "என்னை விழுத்திப்போட்டுத்தான் போனது."

"உன்னோடதான் அப்பாவுக்கு எப்பவும் சண்டை, கொழுவல்," என்றாள் ஆரணி. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அழுகையாக மாறியது. இரண்டு பேருமே அதை மறைக்கவில்லை.

பேருந்து ஒரு பள்ளிக்கூடத்தைக் கடந்தது. வாசலில் இரும்புக் கேற் பூட்டிக் கிடந்தது. ஆரணி கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினாள்.

"உதுதான் அன்ரி நாங்கள் படிச்ச பள்ளிக்கூடம். ஷிப்ட் முடிச்சு நித்திரையும் கொள்ளாமல் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வருவார். அந்தக் கேற் வரைக்கும்தான் வருவார். உள்ள வரமாட்டார். இங்கிலீஷ் சரியாய் வராது எண்டு வெட்கம். நாங்கள் உள்ள போகுமட்டும் அதில நிண்டு பாத்திட்டு, பிறகுதான் திரும்பிப் போவார்."

இந்தக் கடலுக்கு யாரையும் தெரியாது என்று எத்தனையோ பேருக்கு மைக்கில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை.

அவர்கள் தெருமுனையில் இறங்கினார்கள். சுதன் பெட்டிகளை உருட்டிக்கொண்டு முன்னால் போனான், எட்மண்டன் மாமாவின் சுவெட்டர் இன்னும் அவன் மேல் இருந்தது. பேருந்து புறப்பட்டது. நான் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரணி நடந்தவள் நின்று, திரும்பிப் பார்த்து, கை காட்டினாள்.